கரும்பலகையில் கடைசி இரண்டு பேர்

புதன்கிழமை மாலை ஐந்தரை மணி. புது இதழ்கள் வந்த பெட்டி காமிக்ஸ் கடையின் கல்லா மேசைமேல் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. வாசகர்கள் ஓட்டுப் போட்டு ஒவ்வொன்றாக அழித்ததில், கரும்பலகையில் இரண்டு காமிக்ஸ் வில்லன்களின் பெயர்கள்தான் மிச்சம்: இரும்பு பிஷப், சாக்கடை ராணி. மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் கை தூக்கியாயிற்று. தோற்ற பெயர் இந்த வருஷம் முழுக்கப் பலகைக்குத் திரும்பாது. ராணிக்கு உயர்ந்தது ஒரே கை. அது சின்ன வயதிலிருந்து ராணியை விடாமல் படிக்கும் பஸ் ஓட்டுநர் யோலண்டாவின் கை. கடைக்காரர் வெண்டல் டஸ்டரை எடுக்கிறார். யோலண்டா சீருடையோடு எழுந்து போய், ராணியின் பெயர்மேல் உள்ளங்கையை அழுத்தி நிற்கிறாள். அவளுடைய பூட்ஸிலிருந்து பனி உருகி தரையில் பரவுகிறது. "கைய எடு யோலி," என்கிறான் பிஷப்புக்குக் கை தூக்கிய கர்ட்டிஸ். "உன் ராணி எல்லா இதழ்லயும் உதை வாங்கினவ. பிஷப் ஒரு தடவகூட விழுந்ததில்ல." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் விரலிடுக்கில் சாக்பீஸ் தூள். கை நகரவில்லை.

"அதத்தாண்டா நானும் சொல்றேன். ராணி விழுந்த ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்திருக்கா. உன் பிஷப்புக்கு விழுந்தா எந்திரிக்கத் தெரியுமா?"