மாலையை எடுத்தது யாரு?

"மாலையை எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லிருங்கக்கா. எனக்கு உலை வைக்கவே ஓடல."

அடுத்த வீட்டு அற்புதமணி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இருமினாள். புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"ஏளா, இம்புட்டு அவசரம்னா நீயே படிச்சுக்கோ."

செல்லத்தாய்க்குச் சுருக்கென்றது. கதையில் முத்து வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் மாமியாரின் முத்துமாலை காணாமல் போய், பழி இளைய மருமகள் தலையில் விழுந்து, கைப்பிள்ளையோடு அவளை வாசலில் நிறுத்தியாச்சு. அந்த இடத்திலா கதையை மூடுவது? செல்லத்தாயும் ஒரு வீட்டுக்கு இளைய மருமகள்தான். தன்னையே திருடி என்று சொல்லிவிட்ட மாதிரி அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தூத்துக்குடியில் புதுத்துறைமுகம் திறந்த வருஷம் அது. ஆண்கள் மூட்டை தூக்கப் போனபிறகு, மத்தியானத்தில் ஒரே வளவில் குடியிருந்த பெண்கள் எல்லாரும் அற்புதமணியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பழுப்புத்தாள் அட்டை போட்ட, ஒரு படம்கூட இல்லாத தடிப் புத்தகம். மூக்கில் கண்ணாடி. எச்சில் தொட்டு அவள் பக்கம் புரட்டுகிற அழகே தனி. பிறந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத் ஆயிற்றே! அங்கே கோழிகூட எழுத்துக்கூட்டிப் படிக்கும் என்பான் செல்லத்தாயின் புருஷன் சுடலைமாடன்.

செல்லத்தாய் மறுநாளும் கேட்டாள், அடுத்த வாரமும் கேட்டாள். கருவாட்டுக் குழம்பு கொடுத்துக்கூடக் கேட்டுப் பார்த்தாள். அற்புதமணி குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சரி, படித்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள் செல்லத்தாய். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் முதியோர் வகுப்பு நடந்தது. முப்பதுகூட ஆகவில்லை, அதற்குள் முதியோரா என்று சுடலைமாடன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். 'ழ'வும் 'ள'வும் அவள் உயிரை வாங்கின. ஆனாலும் விடவில்லை. உப்பு மூட்டையில் எழுதியிருந்ததைப் படித்தாள், சினிமா நோட்டீஸைப் படித்தாள். பொன்னுதுரை அண்ணாச்சி கருப்பட்டி மடித்துத் தந்த தாளைக் கடை வாசலிலேயே பிரித்து வைத்துப் படித்தாள். அதில் ஒரு தொடர்கதை பாதியில் கிழிந்திருந்தது. மீதித் தாளைத் தேடித் தந்தால்தான் நகருவேன் என்று அவள் நின்ற நிற்பில், அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், விறுவிறுவென்று அற்புதமணி வீட்டுக்குள் போனாள். பெட்டி மேல் இருந்த புத்தகத்தை எடுத்து, பழுப்புத்தாளைப் பிரித்தாள்.

"என்னளா பண்ணுத?"

"நீயே படின்னு நீங்கதானக்கா சொன்னீங்க. படிக்கேன்."

விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். "கோ... ழி... வ... ளர்ப்பு."

உள்ளே புரட்டினாள். முட்டை, தீவனம், வெள்ளைக்கழிச்சல். மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. முத்துமாலையின் பேச்சே இல்லை.

"இது வேற புத்தகம்க்கா. நம்ம கதைப் புத்தகத்தை எங்க வச்சிருக்கீங்க?"

அற்புதமணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுல கோழி வளர்ப்புன்னா போட்டிருக்கு?"