ஜெசிந்தாவின் செவ்வாய்க்கிழமை

அவருடைய வலது கால் ஜெசிந்தாவின் மடியில் இருந்தது.

மடியில் ஒரு பச்சைத் துணி. துணிமேல் கால். அவ்வளவுதான்.

ஆனாலும் மடி மடிதான்.

அவள் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புருஷனுடைய செருப்பு.

"கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி. தொட்டது தெரிஞ்சா சொல்லணும்."

சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நர்ஸ் ஜெசிந்தாவிடம் ஒரு நைலான் இழை இருந்தது. தூண்டில் நரம்பு மாதிரி. அதன் நுனியை ஒவ்வோர் இடமாக வைத்து எடுத்தாள். கட்டைவிரல். சுண்டுவிரலின் அடி. குதிகால். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஜெசிந்தாவின் கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"தெரியுது," என்றார் அவர்.

"தெரியுது."

"தெரியுது."

மூடிய கண்ணோடு ஒரு சிரிப்பு வேறு.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

"பத்துக்குப் பத்து," என்றாள் ஜெசிந்தா.

பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அவர் தலையை ஆட்டினார். குதிகால் வெடிப்பு ஆறும்வரை வாராவாரம் வரவேண்டுமாம். அதற்கும் ஆட்டினார்.

சோற்றைக் குறையுங்கள் என்று அவள் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா ஒரு தடவைதான் சொன்னாள். மறுநாளே தட்டில் பாதி சோறு, பாதி புடலங்காய்.

சீனி போடாத டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். விடிந்ததும் ரயில்வே கேட் வரை நடந்து திரும்பினார். நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டினார். பாதத்துக்கு எண்ணெய் தடவும்போது விரல் இடுக்கை விட்டுவிட்டார்.

"இடுக்குல ஈரம் நிக்கக் கூடாதாம்ளா. சிஸ்டர் சொன்னாங்க."

சிஸ்டர் சொன்னாங்க. சிஸ்டர் சொன்னாங்க.

அவள் வியர்க்க வியர்க்கக் கிண்டிய கேழ்வரகுக் களியைக்கூட அவர் சிஸ்டருக்காகத்தான் சாப்பிட்டார்.

அவருடைய அண்ணனும் இதே அறையில் கால் நீட்டியவர். 'தெரியல' என்று சொன்னவர். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டு விரல்கள் போயின. பிறகு கணுக்கால்வரை. அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இவர் அண்ணனைப் போல் இல்லை. இவருக்கு எல்லாம் தெரிகிறது.

ஜெசிந்தா தொட்டால் எல்லாம் தெரிகிறது.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கால் கழுவித் துடைத்து, ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். அவள் சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டு வந்தாள். கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் ஏறி இறுகிக் கிடந்தன.

"கண்ண மூடுங்க."

"எதுக்குளா?"

"நானும் தொட்டுப் பாக்கேன். பொண்டாட்டி தொட்டாலும் தெரியுதான்னு."

சிரித்தார். மூடினார்.

அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள். கட்டைவிரலில் வைத்தாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குதிகாலில் வைத்தாள்.

பேச்சில்லை.

அந்த ஜெசிந்தாவுக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு ஒன்றுகூட இல்லையா?

ஈர்க்கை எறிந்தாள். பெருவிரல் நகத்தால் அவர் உள்ளங்காலில் அழுத்தினாள். கோபம் தீரும் மட்டும் அழுத்தினாள். நகம் பட்ட இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது.

அவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இறுகியிருந்த வளையல்கள் நழுவிக் கலகலத்தன.

"தெரியுது," என்றார்.

அவள் கை அவள் முகத்தருகில் இருந்தது.

பிறகு கையை இன்னொரு தடவை ஆட்டினாள். வெறும் காற்றில்.

"தெரியுது."

அதே சிரிப்பு. பக்கத்திலிருந்து பார்த்தபோது அது சிரிப்பாக இல்லை. காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகமாக இருந்தது.

"எத்தனைளா?"

"பத்துக்குப் பத்து," என்றாள்.

உள்ளே போய் மாவை மறுபடியும் பிசைந்தாள்.

அடுத்த செவ்வாய்.

பச்சைத் துணி. மடி. கால்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் அவள் வாய் திறந்தது அன்றுதான்.

"சிஸ்டர், அந்த வளையலக் கழத்தி வச்சிட்டுத் தொடுங்க."

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. வாசலில் வரிசையாக நின்றவர்களில் ஒருத்தி சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சிய வீட்டுலயே பூட்டி வச்சிட்டு வந்திருக்கலாம்லா மைனி."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. பொறாமைக்காரி என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி."

மூடினார்.

அவள் அவருடைய செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இழை கட்டைவிரலைத் தொட்டு வளைந்தது.

அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.