வட்டச் சுவரில் மதராஸ்

லண்டனில் ஒரு வட்டக் கூடத்தின் சுவர் முழுக்க மதராஸ் கடற்கரையை வரைந்து வைத்திருந்தார்கள். கப்பல் சமையல்காரன் தேவசகாயம் வாரம் தவறாமல் அங்கே போவான். கோட்டையையும் கப்பல்களையும் விட்டுவிட்டு, படகோரம் நிற்கும் சிவப்புச் சேலைக்காரியையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்று அவன் மனைவி அன்னம்மாளும் கூட வந்தாள்.

"யாரு அவ?"

"வெறும் படம்தானே, அன்னம்."

சொன்னானே தவிர, கண்ணை எடுக்கவில்லை. அன்னம்மாளுக்கு வயிறு எரிந்தது. இந்தக் குளிரூருக்கு வந்த பிறகு தன்னை அவன் அப்படிப் பார்த்ததேயில்லை. காவலாளி கத்தக் கத்தத் தடுப்புக் கம்பியைத் தாண்டி ஓடி, அந்த முகத்தைப் பிறாண்டக் கையை ஓங்கினாள். கிட்டத்தில் முகமே இல்லை. பழுப்புச் சாயத்தில் ஒரு தீற்றல்தான் இருந்தது.

திரும்பி வந்தாள். "அவளுக்குக் கண்ணு, மூக்கு ஒண்ணுமே இல்லையே!"

"தெரியும்" என்றான் அவன், அப்போதும் அங்கேயே பார்த்தபடி.