நாலு பேருக்கு வைத்த பூதம்

"அப்பா, இன்னைக்கு யாரக் கொல்லப் போறீங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இனியனின் மகள் கேட்டாள்.

தலை சீவிக்கொண்டிருந்தவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "வர்றவங்க எல்லாரையுந்தான்."

"பாவம்ல?"

"பாவம் பாக்கத்தான் கருணாகரன் பெரியப்பா இருக்காரே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கொலைக்களம் இரண்டு தெரு தள்ளி, கருணாகரனின் குவார்ட்டர்ஸ் கூடம். ஆயுதம், இருபது முகமுள்ள ஒரு பகடை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அதற்குள் நுழைவார்கள். வழியில் பூதம் மறிக்கும். அதன் பலத்தை நடத்துபவர் முடிவு செய்வார். அதன் அடி படுமா, தவறுமா என்பதைப் பகடை சொல்லும்.

இத்தனை வருடமும் நடத்தியவர் கருணாகரன். அடுத்த மாதம் ரிடையர்மென்ட். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு ஓசூருக்குப் போகிறார். "போறதுக்குள்ள ஒரு தடவ நானும் ஆடிப் பாத்துடணும்பா. நீ நடத்துறியா?" என்று கேட்டிருந்தார். தனக்கென்று ஒரு காவல்காரன் வேடத்தை ஆசை ஆசையாய் எழுதி வைத்திருந்தார்.

அவர் நடத்திய சண்டைகளை நினைத்தாலே இனியனுக்கு இளக்காரம். அவருடைய பூதங்கள் நன்றாக உறுமும். அடிக்க வந்தால் கோட்டை விடும். பகடையைக்கூட மேசைமேலேயே விழும்படி போடத் தெரியாத மனிதர். கை நடுங்கி, சண்டை முற்றும் நேரத்தில் அது கட்டிலுக்கடியில் ஓடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரே குனிந்து பார்த்து எண்ணைச் சொல்வார்.

அந்த மேசையில் சொந்தத் திறமையால் பிழைத்தவன் தான் ஒருவன்தான் என்பது இனியனின் எண்ணம். அப்பா செத்து, எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்த நாட்களில், ஏழுதலை நாகத்தின் முன்னால் உயிர் ஊசலாட நின்று அதை வெட்டிச் சாய்த்தவன் அவன். அந்த வெற்றிதான் அவனை நிமிர்த்தியது. இன்றைக்கும் ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அந்தக் கதைதான்.

நாலு பேர் ஆடுவதாக ஏற்பாடு. நாலு பேருக்கு அளந்து ஒரு கற்பூதத்தைச் செய்து வைத்திருந்தான். கூடத்தில் இருந்ததோ கருணாகரனும், வழக்கமாக ஆட வரும் செவ்வந்தியும் மட்டும். மற்ற இருவரும் மைன்ஸிலிருந்து போன் செய்தார்கள்: "ரிலீவர் வரல. ஆள் வராம நகர முடியாது."

"நாலு பேருக்கு வச்ச பூதங்க. கொஞ்சம் கொறச்சிக்கலாமா?" என்றாள் செவ்வந்தி.

"பாய்லர்ல ஆள் கொறஞ்சா நெருப்பக் கொறைப்பாங்களா?"

"லீவே இந்த ஒரு நாளுதான். மந்தாரக்குப்பத்துலேர்ந்து சைக்கிள மிதிச்சிகினு வர்றது சாவறதுக்காங்க?"

"சாவவும் கத்துக்கணும்ல. இவ்ளோ நாளா அண்ணன் உங்களுக்குத் தாலாட்டு பாடிகினு இருந்தாரு."

நெற்றியில் திருநீறோடு கருணாகரன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தி ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு சொட்டு சிந்தாமல். "இருக்கட்டும்மா. அவன் பூதம், அவன் இஷ்டம்" என்று சிரித்தார்.

"நான் பகடை போடறது எல்லார் கண்ணு முன்னாலயும். விழுந்ததுதான் கணக்கு" என்றான் இனியன்.

சண்டை தொடங்கிய வேகத்திலேயே செவ்வந்தியின் வைத்தியச்சி அடிபட்டு மயங்கி விழுந்தாள். கருணாகரனின் காவல்காரன் அவளுக்கு முன்னால் போய் நின்றான். இன்னும் ஒரு அடி பட்டால் அவனும் செத்தான்.

"குகை வாசல் தொறந்துதான் கெடக்குதுண்ணே. நீங்களாவது ஓடிடுங்க" என்றாள் செவ்வந்தி.

"மொத தடவையா ஆடறேன். ஓடினேன்னு பேர் வாங்கவா?" என்றார் அவர். காவல்காரனின் பெயர் எழுதிய தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பத்துக்கு மேல விழுந்தா உங்காளு காலி. ஆட்டமும் முடிஞ்சுது" என்று இனியன் ரசித்துச் சொன்னான். பகடையை ஓங்கி வீசினான். அது டம்ளரில் மோதித் துள்ளி, கட்டிலுக்கடியில் ஓடியது.

"நான் பாக்கறேங்க" என்று செவ்வந்தி எழுந்தாள்.

"யாரும் தொட வேணாம். கணக்கு மாறிடும்."

குப்புறப் படுத்து உள்ளே நகர்ந்தான். சுவரோரம், தூசிக்கு நடுவே பகடை கிடந்தது. இருபது.

சிரிப்பு வந்தது. சொல்லத் திரும்பினான். அங்கிருந்து இரண்டு பேரின் கால்கள் மட்டுமே தெரிந்தன. அவர்களுக்கு இவன் முகம் தெரியாது. இந்த எண்ணும் தெரியாது.

நாகம் கடைசியாகக் கொத்திய அன்றும் பகடை இங்கேதான் ஓடி வந்தது. அவர்தான் குனிந்து பார்த்து எண்ணைச் சொன்னார். ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஆற்றுகிற கை, சண்டை முற்றும்போது மட்டும் எதற்கு நடுங்க வேண்டும்?

இனியனின் சிரிப்பு தூசியிலேயே அடங்கிப்போனது. எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தான்.

"என்னப்பா, எவ்ளோ விழுந்திருக்குது?" மேலிருந்து கருணாகரனின் குரல் கேட்டது. நிஜமாகவே பயந்துபோன குரல்.

இனியன் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெளியே வந்தான். சட்டையெல்லாம் தூசி. நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நாலுதாண்ணே. அடி படல."