வண்டி கிளம்பும் ஊர்

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரை ஆறு நிமிடம். புரோக்கர் தணிகாசலம் நான்கு என்று சொல்லியிருந்தார். பைக்கில் போய் அளந்திருப்பார். போகட்டும், ஆறு நிமிடம் என்றாலும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஊரப்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம். இங்கிருந்து கால் மணி நேரம்.

போக வர, இரண்டு மணி நேரம் மிச்சம்.

வாடகை ஒன்பதாயிரம் கூடுதல்.

அதற்கு வீட்டில் நேற்றே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சமையலுக்கு ஆள் எதற்கு, காலையில் அவளுக்குத்தான் நேரம் இருக்குமே என்றார் மாமியார். மகளுக்கு டியூஷன் எதற்கு, சாயங்காலம் அவளே கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றான் கணவன். ஒன்பதாயிரம் சரிக்கட்டியாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கும்தான்.

காலியான கூடத்தில் நின்றபோதுதான் அந்த இரண்டு மணி நேரத்தைத் தேடினாள்.

காலையில் ஒன்று. அடுப்படிக்குப் போய்விட்டது.

மாலையில் ஒன்று. கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் இத்தனை வருடம் அது எங்கே இருந்தது?

ரயிலில் இருந்தது. மகளிர் பெட்டியில். உட்கார இடம் கிடைத்தால் லைப்ரரிப் புத்தகத்தில் இருபது பக்கம். கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். அந்த இரைச்சலில் போன் மணி காதிலேயே விழாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். பொய்தான். எட்டு வருடமாக யாரும் சந்தேகப்படவில்லை.

இதையா கொடுக்க வந்தேன்?

தணிகாசலம் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், பேசி முடிச்சிரலாமா? நாளைக்குன்னா வீடு இருக்காது."

அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நல்ல வெளிச்சம். நல்ல வீடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"செங்கல்பட்டுல வீடு ஏதாவது இருக்காண்ணா?"

சாவி நின்றது.

"அது இன்னும் தூரமாச்சே மேடம்."

"ஆமாண்ணா," என்றாள். "வண்டி அங்கதானே கிளம்புது. தினமும் உக்கார இடம் கிடைக்கும்."