ஒரு கைப் பாரம்

அனோஜா அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நிலாம் அதைத்தான் கடையின் முகப்பில் வைத்திருந்தார். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி. உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள். தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருந்த அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

அவளோ கம்ப்யூட்டர் பாகங்களை வைக்கும் காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் மட்டும். தூக்கிக்கொண்டு வாசல்வரை வேகமாக நடந்தாள், திரும்பி வந்து கீழே வைத்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்த்தாள்.

“ரெண்டு கையாலயும் புடிங்க தங்கச்சி, விழுந்திரும்,” என்றார் நிலாம்.

“மத்தக் கையில எம் மவன் இருப்பான் நானா.” அண்ணன் முறையில் அவரை ‘நானா’ என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

நிலாமுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் ஊருக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருப்பவள். லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு போன மழைக்கே வெடிப்பு விட்டிருந்தது. மழை வலுத்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். கணவன் கட்டாரில். எங்கோ ஆஸ்திரேலியாவில் இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் போட்டோ போலவே செய்து அனுப்புவது அவள் வேலை. அந்த வேலையின் சூட்டில் ஒரு லெப்டொப் ஏற்கெனவே கருகிப் போயிருந்தது.

அதனால் இந்த முறை பெரிய மிசின். பெரிய மிசின் என்றால் பெரிய சூடு.

நிலாம் உயரமான ஒரு கூலரை எடுத்துக் காட்டினார். அடுக்கடுக்காகத் தகடுகள், இரண்டு பக்கமும் காற்றாடி. தண்ணீர் இல்லை, கசிவு இல்லை, பல வருஷம் உழைக்கும்.

“தூக்கிக்கிட்டு ஓடினா?”

நிலாம் யோசித்தார். இவ்வளவு பாரமும் மதர்போர்டில்தான் தொங்கும். படி இறங்கி ஓடுகிற குலுக்கலில் போர்டில் கீறல் விழுந்துவிடலாம். கூலரை மேசையில் வைத்துவிட்டார்.

கடைசியில், மேலே கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் வலை. அதற்குத் தண்ணீரில் குளிரும் கூலர்தான் சரி என்றார். குழாய்கள் மூடியே வரும். பாரமான பாகத்தைப் பெட்டியின் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிடலாம். கீழேயிருந்து காற்று உள்ளே போய் மேலே வெளியேறும்.

“ஆனா சின்னப் பெட்டி. உங்கட தகரத்துக்குக் கீழ பகல்ல காத்தாடி நல்லா இரையும்.”

“இரைஞ்சா இரையட்டும்.”

அவர் பாகங்களைப் பூட்டி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. போனைப் பார்த்தாள், பையில் போட்டாள், மறுபடியும் எடுத்தாள். கிராஃபிக்ஸ் கார்டை இறுக்கியாகிவிட்டதா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பவும் கேட்டாள்.

பிற்பகலில் மிசின் ஓடியது. சோதிப்பதற்கு அவள் தன் வேலையையே ஏற்றினாள். மறுநாள் காலையில் அனுப்ப வேண்டிய மெல்பர்ன் வீடு. திரையின் மூலையில் சூட்டின் அளவு ஏறியது, ஏறியது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். மகனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஜூலியட்.

“அக்கா, மேட்டுல மண்ணு எறங்குது. எல்லாரும் ஸ்கூலுக்குப் போறாங்க. தம்பிய நான் தூக்கிக்கிட்டு எறங்கிருவேன். நீங்க மிசின எடுத்துக்கிட்டு நேரா அங்க வாங்க.”

கடைக்குப் போய் வருகிறேன் என்பது போன்ற குரல். ஒரு நடுக்கமும் இல்லை.

நிலாமுக்கு மூச்சு வந்தது. மிசினை நிறுத்தக் கையை நீட்டினார்.

“நிப்பாட்டாதீங்க நானா. அது இங்கயே ஓடட்டும்.”

“அதான் புள்ளய அவங்க கொண்டு வாறாங்களே?”

அவள் அதற்குள் படிகளில் இறங்கியிருந்தாள். நிலாம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். அவள் ஏறிய த்ரீவீல் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. தோட்டத்துப் பாதையில் திரும்பி மேலே ஏறியது.

அவருக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நேரம் தூக்கித் தூக்கிப் பார்த்து வாங்கியதை விட்டுவிட்டு, இறங்கி வருகிற பிள்ளைக்காக மண் சரிகிற இடத்துக்கு ஏறுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியை அவ்வளவுகூட நம்ப முடியாதா?

மழை விடவில்லை. திரையில் மெல்பர்ன் வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி வந்தது. பெரிய ஜன்னல்கள், முற்றத்தில் வெயில். நிலாம் அதைப் பார்ப்பதும் ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தார். இரண்டு தடவை அவளுக்கு அழைத்தார். மணி போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ‘வந்து சேந்துட்டோம் நானா’ என்று கீழே எழுதியிருந்தது.

பள்ளிக்கூட வகுப்பறை. முழங்கால்வரை சேறு பூசி நின்றாள் அனோஜா. வலது இடுப்பில் மகன், அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான். இடது கையால் இன்னொருத்தியின் முதுகைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த இன்னொருத்தியின் பாரம் முழுவதும் அனோஜாவின் அந்தக் கையில்தான் சாய்ந்திருந்தது.

போனில் பேசியவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். நிலாம் படத்தைப் பெரிதாக்கினார்.

சின்னப் பெண். களைத்துப்போய், ஆனாலும் சிரித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள்.

நிறைமாதம்.