ஊசி ஆச்சு

போன மாதம், ஆஸ்பத்திரி வார்டில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸர் சவரிமுத்துவுக்கே ரத்தத்தில் விஷம் ஏறியது. டாக்டரும் நர்ஸும் அட்டெண்டரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்ததில், ஊசி வருவதற்குள் செத்துப்போனார். அன்றிலிருந்து வார்டில் யாரும் காத்திருப்பதில்லை. அவரவர் வேலையை முடித்ததும் "ஆச்சு" என்று குரல் கொடுப்பார்கள்.

இன்று சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து, ஆணி குத்திப் புரையோடிய காலோடு ஒரு கூலியாளைத் தூக்கிவந்தார்கள். உடம்பு கொதித்தது.

"ரத்தம் எடுத்தாச்சு!" என்றார் டாக்டர்.

"டிரிப் ஆச்சு!" என்றார் அட்டெண்டர்.

நர்ஸ் பிலோமினா மிஸ்ஸி பெனிசிலினைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்கு ஓடிவந்தாள்.

"ஊசி ஆச்சு லா!"

அது சவரிமுத்துவின் குரல்.

"இன்னிக்கு நல்ல வேகம், மிஸ்ஸி," என்றபடி டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கூலியாளின் தோளில், ஊசி போடும் இடத்தில், ஈரப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதன் நடுவில் புது ரத்தப்பொட்டு. பிலோமினாவின் சிரிஞ்சில் மருந்து ஒரு சொட்டும் குறையவில்லை.